அந்தி, எலி, ஓட்டை: மேய்ச்சல் கோழியும் அதைத் தின்ன வருபவையும்

காலையில் கூட்டைத் திறக்கப் போகிறீர்கள். கதவடியில் இறகு சிதறிக் கிடக்கிறது. உள்ளே மூன்று கோழி செத்துக் கிடக்கிறது, ஒன்றைக் காணோம். அப்போது நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான். நாலு வசவு, ஒரு விளக்குமாறு, இரண்டு வாளித் தண்ணீர். பத்து நிமிடத்தில் இடம் சுத்தமாகிவிடும். தடயமும் அத்தோடு போய்விடும். வந்தது இன்று இரவும் வரும், வந்தது யாரென்று நமக்குத் தெரியாமலே.

ஆகவே முதலில் கழுவாதீர்கள். செத்த கோழியைத் திருப்பிப் பாருங்கள், காணாமல் போன கோழியின் இறகு எந்தத் திசையில் போகிறதென்று பாருங்கள், கூட்டைச் சுற்றி ஒருமுறை குனிந்து நடந்து வாருங்கள். இந்தக் கால்மணி நேரம்தான் இந்த அத்தியாயத்தின் பாதி.

தடயம் சொல்வது

கழுத்திலும் தலையிலும் மட்டும் கடி, உடம்பு ஏறக்குறைய முழுசு, செத்தது ஒன்றுக்கு மேல். இது இரவில் நடந்திருந்தால் மரநாய் என்று வைத்துக்கொள்ளலாம், பகலில் நடந்திருந்தால் கீரி. கீரி வெயிலில் வேட்டையாடும் விலங்கு. பொழுது அடைந்தபின் அது வளைக்குப் போய்விடும். மரநாய் அதற்கு நேர் எதிர். பனையிலோ தென்னையிலோ ஓட்டு வீட்டு மச்சிலோ பகலெல்லாம் தூங்கிவிட்டு, ஊர் அடங்கியபின் இறங்கும். பனையில் கலயம் கட்டிய காலத்தில் அதில் வாய் வைக்கும் என்று பெயர் வாங்கிய அதே பிராணி. பழம்தான் அதன் முதல் விருப்பம். ஆனால் அடைத்த கூட்டுக்குள் நுழைந்துவிட்டால், சுற்றிலும் சிறகடிக்கும் கோழிகளைக் கண்டு கண்மண் தெரியாமல் கடித்துத் தள்ளும், தின்பது ஒன்றைத்தான் என்றாலும். கூரையிலோ வேலிக்கல் மேலோ பழக்கொட்டை நிறைந்த எச்சம் கிடந்தால் ஐயமே வேண்டாம்.

ஒரே ஒரு கோழியைக் காணோம், வேலி வரைக்கும் கொஞ்சம் இறகு, அப்புறம் ஒன்றுமில்லை என்றால் காட்டுப்பூனை. எங்கள் பக்கத்துக் கீழப்பாவூர்க் குளத்துக் கரை மாதிரி நாணலும் புதரும் உள்ள இடங்களில் இது தாராளமாக உண்டு. அள்ளிக்கொண்டு போகுமே தவிர, வீணாகக் கொல்வது குறைவு.

முதுகும் தொடையும் கிழிந்து, தின்னப்படாமலே ஏழெட்டுக் கோழி தோட்டம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் அது நாய். இதில் காட்டு விலங்குக்குப் பங்கில்லை.

முட்டை ஓடுகூட இல்லாமல் மறைந்தால் பாம்பையோ உடும்பையோ நினையுங்கள். காயமே தெரியாமல் அடைக்கோழி செத்துக் கிடந்து, அடியில் முட்டையும் குறைந்திருந்தால் நல்லபாம்பாக இருக்கலாம்; அந்தக் கூட்டுக்குள் அன்று கை விடாதீர்கள். குஞ்சு மட்டும் இரவுக்கு ஒன்றாகக் குறைந்து, கூட்டு மூலையில் புதுமண் குவிந்திருந்தால் பெருச்சாளி. குஞ்சு பகலில் சுவடே இல்லாமல் போனால் பருந்து. இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பிராந்து என்பார்கள். குஞ்சின் கண்ணோ வயிறோ கொத்தப்பட்டுக் கிடந்தால் காக்கை.

இதில் ஒரு எச்சரிக்கை. வெள்ளைக்கழிச்சல் வந்து ராத்திரியே செத்த கோழியை விடிவதற்குள் ஏதாவது வந்து கடித்திருக்கும். கடித்ததையே நாம் கொலைகாரன் என்று எண்ணிவிடுவோம். உயிரோடு கடிபட்டால் இரத்தம் ஓடி இறகில் உறைந்திருக்கும். செத்தபின் கடித்த இடம் பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். எச்சம் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் வேலியை அல்ல, கால்நடை மருந்தகத்தைத் தேடிப் போக வேண்டும். ஒரு ஊரின் கோழிகளை மொத்தமாக வாரிக்கொண்டு போவதில் எந்தக் கீரியும் வெள்ளைக்கழிச்சலுக்கு ஈடாகாது.

நான் தடயம் பார்க்கக் கற்றது நஷ்டப்பட்டுத்தான். வளர்க்கத் தொடங்கிய இரண்டாம் வருடம், ஒன்பது நாளில் ஒன்பது குஞ்சு. மரநாய்தான் என்று முடிவுகட்டி, கூரையெல்லாம் வலை அடித்து, ராத்திரி முழுக்க விளக்குப் போட்டு வைத்தேன். பத்தாம் நாள் தீவன மூட்டையை நகர்த்தினால் பின்னால் கை நுழையும் அளவுக்கு ஒரு வளை. கூரையில் காவல் போட்டவனுக்குத் தரையில் திருட்டு. பக்கத்து வீட்டு ஆச்சி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “ஏய்யா, மூட்டைய தரையில வச்சு நீயே விருந்து வச்சிருக்க, அது வராம என்ன செய்யும்?” என்று கேட்டாள். பதில் இல்லை.

எலியில்தான் எல்லாம் தொடங்குகிறது

ஆச்சி சொன்னதை நான் பிற்பாடுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன். கோழியைத் தேடி நேரே வரும் விலங்கு குறைவு. சிந்திய தவிடு, குருணை, மக்காச்சோளத்துக்கு எலி வருகிறது. எலிக்குச் சாரைப்பாம்பும் நல்லபாம்பும் காட்டுப்பூனையும் கீரியும் வருகின்றன. வந்த இடத்தில் கோழி கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. எலியை ஒழிக்காமல் கீரிக்கு வேலி போடுவது கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது போல.

எங்கள் பாவூர்சத்திரத்தில் இது இன்னும் கூடுதல் சங்கதி. இங்கே தினமும் காய்கறிச் சந்தை. கழித்த தக்காளி, வெண்டை, முட்டைகோஸ் இலை எல்லாம் மலிவாகவோ சும்மாவோ கிடைக்கும். கோழி வளர்ப்பவர்கள் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்து தோட்டத்தில் கொட்டுகிறார்கள். கோழிக்கு அது நல்ல தீனிதான். ஆனால் பத்துக் கோழி தின்னும் அளவு எவ்வளவு? ஒரு சட்டி. மீதி அங்கேயே அழுகி, புழுவும் எலியும் கூடி, ஒரு வாரத்தில் நீங்கள் வளர்ப்பது கோழிப்பண்ணையா எலிப்பண்ணையா என்று சொல்ல முடியாமல் போகும். காலையில் போட்டது மதியத்துக்குள் தீர வேண்டும். தீராததை உரக்குழியில் போட்டு மண் மூடுங்கள். தீவனத்தை மூடி இறுகும் தகர டிரம்மில் வையுங்கள். சாக்கும் பிளாஸ்டிக் வாளியும் எலிப்பல்லுக்குக் காகிதம் மாதிரி. தீவனத் தட்டை இரவில் கூட்டுக்குள் விடாதீர்கள். இருட்டில் கோழி தின்னப்போவதில்லை, எலிதான் தின்னும்.

கோழியறுத்த குடல், இறகு, தலை இவற்றையும் வெளியே எறியக்கூடாது. கறிக்கடை வாசலில் பருந்தும் நாயும் காத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் கொல்லையும் அவற்றின் கணக்கில் அப்படி ஒரு கடையாகிவிட்டால் மீட்பது கஷ்டம். இரண்டடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.

வயல் நடக்கும் நடையையும் கவனிக்க வேண்டும். குளத்துப் பாசனம் உள்ள இடங்களில் பிசான நெல் அறுத்து வயல் வெட்ட வெளியானதும், அதுவரை வரப்பில் வாழ்ந்த எலிகள் வீட்டுப் பக்கம் நகரும். அவற்றைத் தின்று வாழ்ந்தவையும் கூடவே நகரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வளையெல்லாம் நீர் புகுந்தால் பாம்பு உலர்ந்த இடம் தேடும். உங்கள் கூட்டில் பரப்பிய வைக்கோல் அதற்கு மெத்தை. அறுவடைக்கு ஒரு வாரம் முன்பும் பெருமழைக்கு முன்பும் கூட்டின் அடிப்பாகத்தை ஒருமுறை சோதித்து வைப்பது என் வழக்கம்.

அந்தி என்னும் வாசல்

குறுந்தொகையில் 139ஆம் பாட்டு, ஒக்கூர் மாசாத்தியார் எழுதியது. மாலை நேரத்தில் வேலியோரம் வெருகு வந்துவிடுகிறது, குஞ்சுகள் எங்கே ஒதுங்குவது என்று தெரியாமல் திகைத்துக் கூடி நிற்கின்றன, தாய்க்கோழி கூவி அழைக்கிறது. வெருகு என்றால் காட்டுப்பூனை. பாட்டு சொல்ல வந்த விஷயம் வேறு, அது தலைவன் தலைவி வழக்கு. ஆனால் கோழி வளர்ப்பவன் படித்தால் அவனுக்கு வேண்டியது அத்தனையும் அங்கே இருக்கிறது: எந்த நேரம், எந்த இடம், என்ன குறை. நேரம் அந்தி. இடம் வேலியோரம். குறை, அடையும் இடம் தயாராக இல்லாதது.

கோழிக்கு இருட்டில் கண் தெரியாது என்றே சொல்லலாம். வெளிச்சம் குறையக் குறைய அது உயரமான இடம் தேடி ஏறி அமர்ந்துவிடும். அமர்ந்தபின் யார் தூக்கினாலும் பெரிதாகத் துள்ளாது. இந்தக் குணத்தை வைத்துத்தான் நாம் ராத்திரியில் கோழி பிடிக்கிறோம். மரநாயும் அதை வைத்துத்தான் பிடிக்கிறது.

நமக்கு மேற்கே குற்றாலம் மலை நிற்பதால் வெயில் சீக்கிரமே மறைந்து நிழல் விழும். கார்த்திகையில் 6 மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், ஆனியில் 6:40 வாக்கில். சாரல் காலத்தில் மேகம் மூடியிருந்தால் கோழி இன்னும் முன்னதாகவே அடையப் பார்க்கும். கடிகாரத்தைப் பார்த்துக் கதவடைப்பவர்கள் வருடத்தில் பாதி நாள் தாமதமாகத்தான் அடைக்கிறார்கள். கடைசிக் கோழி ஏறியதும் கதவு மூட வேண்டும், அவ்வளவுதான் விதி.

பழக்குவது எளிது. பொழுது அடைவதற்கு அரைமணி முன்பு கூட்டுக்குள் ஒரு கைப்பிடி கம்போ சோளமோ போட்டு, தினமும் ஒரே குரலில் கூப்பிடுங்கள். இரண்டு வாரத்தில் குரலைக் கேட்டதுமே ஓடிவரும். புதிதாக வாங்கிய கோழியை ஒரு வாரம் வெளியே விடாமல் கூட்டிலேயே வைத்திருந்தால்தான் அதற்கு அது வீடாகும். அதற்கு முன் விட்டால் மாமரத்தில் ஏறி அடையும். மரத்தில் அடைந்த கோழி மரநாய்க்கு வேலை மிச்சம்.

காலையில் திறக்கும் நேரம் இன்னும் முக்கியம், ஆனால் யாரும் யோசிப்பதில்லை. விடிந்தும் விடியாமல் 5:30க்குத் திறந்துவிட்டு மாட்டைக் கறக்கப் போய்விடுகிறோம். காட்டுப்பூனையும் ஊர் நாய்க் கூட்டமும் திரும்பிப் போகும் நேரம் அது. நான் 9 மணிக்குத்தான் திறக்கிறேன். பெட்டைகள் பெரும்பாலும் காலையில் முட்டையிடுவதால் பாதிக்கு மேல் முட்டை கூட்டிலேயே கிடைத்துவிடுகிறது. புதருக்குள் முட்டை தேடுவதும், காக்கையும் உடும்பும் நமக்கு முன்னால் தேடிவிடுவதும் குறைந்துபோயிற்று.

கூடு: எதில் காசு போடுவது

மேய்ச்சல் கோழிக்கு ஒரு ஏக்கர் முழுக்க வேலி கட்டுவது கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. பகல் மேய்ச்சலில் கொஞ்சம் இழப்பு இருக்கும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். இரவுக்கூட்டில் மட்டும் ஒரு கோழியும் போகக்கூடாது. காசையெல்லாம் அங்கே போடுங்கள்.

பாவூர்சத்திரத்தில் மர அறுவை ஆலைகள் நிறைய. சட்டமும், அறுத்து ஒதுக்கிய மேல்பட்டைப் பலகையும் விசாரித்தால் சல்லிசாகக் கிடைக்கும். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், நான்கு கால் மேல் கூட்டை நிறுத்துங்கள். கோழிக்கு 2 சதுர அடி வீதம் இடம் போதும். அது தூங்கத்தானே போகிறது. கால் ஒவ்வொன்றையும் சுற்றி வழுவழுப்பான தகரத்தை ஓரடி அகலத்துக்கு அடித்துவிட்டால் எலி ஏறாது. தரையில் பரப்ப இழைப்புச் சுருள் வாங்குங்கள். நைசான மரத்தூள் வேண்டாம், குஞ்சு அதைத் தீனி என்று கொத்தித் தின்னும்.

வலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கம்பிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் ஆகும், வெளியே இருப்பதைத் தடுக்காது. நாய் பல்லால் இழுத்துக் கிழிக்கும், பாம்பும் எலியும் நுழைந்து போகும். கீழிருந்து இரண்டடிக்காவது அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் போடுங்கள். மேலே விலை குறைந்ததைப் போட்டுக்கொள்ளலாம், பெரிய கண் மட்டும் வேண்டாம். முடிந்தால் முழுக்கவே போட்டுவிடுங்கள். நான் இரண்டு தடவை மாற்றியபின் கணக்குப் பார்த்தால் முதலிலேயே முழுக்கப் போட்டிருந்தால் மிச்சமாகியிருக்கும். கூடு தரையோடு இருந்தால் வலையின் அடிப்பகுதியை வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடக்கித் தரையில் பரப்பி மேலே கல் அடுக்குங்கள். தோண்ட வரும் விலங்கு சுவரோரத்தில்தான் தோண்டும். கால் வலையில் மாட்டினால் பின்னால் தள்ளிப்போய்த் தோண்டுவோம் என்று அதற்குத் தோன்றாது.

கதவை மலைக்கு முதுகு காட்டிக் கிழக்குப் பார்த்து வையுங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்று சாரலோடு மேற்கிலிருந்துதான் அடிக்கும். மேற்குப் பார்த்த கதவு ஒரு சீசனிலேயே ஊறிப் பருத்துச் சரியாக அடையாது. சரியாக அடையாத கதவு என்றால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தாழ்ப்பாள் ஒன்று போதாது. மரநாய் முன்காலால் நெம்பும், காற்றிலும் கழன்றுகொள்ளும். தாழ்ப்பாளோடு ஒரு கொக்கியும் போடுங்கள்.

ஓட்டுக்கூரை என்றால் ஓட்டுக்கு அடியில் ஒரு அடுக்கு வலை கட்டாயம். ஓட்டை நகர்த்தி இறங்குவது மரநாய்க்குப் பழகிய வழி. தகரம் என்றால் சித்திரை வெயிலுக்கு மேலே பனையோலை பரப்புங்கள்.

கட்டி முடித்தபின் ஒரு சோதனை. இருட்டியதும் கூட்டுக்குள் டார்ச் விளக்கை எரியவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே சுற்றி வாருங்கள். எங்கெல்லாம் வலைக்கண் அல்லாத வெளிச்சக் கீற்று தெரிகிறதோ அங்கெல்லாம் யாரோ நுழையலாம். நான் கட்டிய முதல் கூட்டில் ஆறு இடம் எண்ணினேன், தச்சு வேலை எனக்கு நன்றாக வரும் என்று நினைத்திருந்தேன்.

பஞ்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பகலில் தாயையும் குஞ்சையும் கவிழ்த்து வைக்கப் பஞ்சாரத்தை மிஞ்சியது கிடையாது. இரவுக்கு அது போதாது. நாய் முட்டினால் உருளும், பாம்புக்கு அதன் இடுக்கே வாசல்.

வானத்திலிருந்து வருவது

குஞ்சுக்கு முதல் ஆறு வாரம்தான் கண்டம். அதைத் தாண்டினால் கரும்பருந்து பெரும்பாலும் விட்டுவிடும், தூக்க முடியாது. வல்லூறு கொஞ்சம் தந்திரசாலி. கரும்பருந்து வெளியில் வட்டமிட்டு நமக்கும் கோழிக்கும் தெரிய வருகிறது. வல்லூறு வேப்பமரக் கிளைக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்து சட்டென்று பாயும்.

கோழிக்குள் இதற்கென்று ஒரு பாஷையே இருக்கிறது. வானத்தில் பகை கண்டால் ஒரு குரல், தரையில் கண்டால் வேறு குரல். முதல் குரலுக்குக் குஞ்சுகள் ஓடிப் பதுங்கி உறைந்துபோகும், இரண்டாவதற்கு எல்லாம் நிமிர்ந்து நின்று கேறும். ஒரு வாரம் கூடவே உட்கார்ந்து கேட்டால் நமக்கும் பிரித்துத் தெரியும். இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுகளுக்கு இதைச் சொல்லித்தரத் தாய் இல்லை. அதனால்தான் அவற்றில் இழப்பு அதிகம். அடையில் உள்ள சிறுவிடைக் கோழி ஒன்று இருந்தால், ஓரிரு நாள் வயதுக் குஞ்சுகளை இரவில் அதன் இறக்கைக்கடியில் நுழைத்துப் பாருங்கள். விடிந்ததும் தன் குஞ்சென்றே ஏற்றுக்கொள்வது உண்டு. சிறுவிடைத் தாய் பருந்தின் மேலேயே பாயும். உடம்பில் சிறியது, ரோஷத்தில் அப்படி இல்லை.

குஞ்சுகளுக்கென்று பத்துக்குப் பத்தடி இடத்தை வளைத்து மேலே பழைய மீன்வலையோ நிழல்வலையோ கட்டுவதுதான் நிச்சயமான வழி. பெரிய இடத்துக்கு நைலான் நரம்பைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டலாம். கரும்பருந்தின் இறக்கை விரித்தால் ஏறக்குறைய 5 அடி, ஆகவே 3 அடி இடைவெளியில் நரம்பு ஓடினால் இறங்கத் தயங்கும். வல்லூறின் இறக்கை 2 அடிதான், அது இடையில் புகுந்துவிடும். அதற்கு வலைதான். தீனியை வெட்டவெளியில் போடாமல் கொய்யா, முருங்கை, உடைமர நிழலில் போடுங்கள். பருந்துக்குப் பாயும் தடம் கிடைக்காது.

குஞ்சுக்குச் சாயம் பூசுவது, பழைய சி.டி. தட்டுக் கட்டுவது, ரேடியோ பாடவிடுவது எல்லாம் ஒரு வாரம் வேலை செய்யும். பிறகு பருந்து அந்தத் தட்டுக்குப் பக்கத்திலேயே உட்காரும். இடம் மாற்றி மாற்றி வைத்தால் கொஞ்சம் நீட்டிக்கலாம். காக்கைக்குச் செத்த காக்கையைத் தொங்கவிடுவார்கள். அதற்குப் பதில் கறுப்புப் பாலித்தீனைக் காக்கை மாதிரி கட்டித் தொங்கவிட்டாலும் சில நாள் பலன் உண்டு.

எல்லாவற்றையும்விடப் பருந்துக்குப் பயம் மனிதர்தான். இந்த வட்டாரத்தில் பல வீடுகளில் பெண்கள் வாசலில் உட்கார்ந்து மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். அந்த வீட்டு முற்றத்தில் மேயும் குஞ்சுகள் பிழைப்பதையும், ஆளில்லாத தோட்டத்துக் குஞ்சுகள் போவதையும் கவனித்தால் விஷயம் விளங்கும். குஞ்சைத் தோட்டத்துக்கு அனுப்பாதீர்கள், வாசலில் வளருங்கள்.

நாய்

என் கணக்கில் அதிகம் கொன்றது நாய்தான். மரநாய்க்கு ஒரு மாதம் பயந்தவர்கள் பக்கத்துத் தெரு நாய்க்கு ஒரு காலையில் இருபது கோழி இழந்ததைப் பார்த்திருக்கிறேன். தெருநாயைக் கொல்லவோ வேறு ஊரில் கொண்டு விடவோ சட்டத்தில் இடமில்லை. 2023ஆம் ஆண்டு விதிகளின்படி கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அதைச் செய்ய வேண்டியது உள்ளாட்சி. எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். தெருநாய் கடித்து இறந்த கால்நடைகளுக்கு நிவாரணம் தர 2025இல் தமிழக அரசு முடிவெடுத்தபோது கோழியும் அதில் சேர்க்கப்பட்டது. புகைப்படமும் கால்நடை மருத்துவரின் சான்றும் இல்லாமல் கேட்பது வீண். தொடக்கத்தில் கழுவாதீர்கள் என்றது இதற்கும்தான்.

சொந்த நாயைக் குட்டியிலிருந்தே கோழியோடு வளர்த்தால் நல்ல காவல். ஆனால் செத்த கோழியை அதற்குப் பச்சையாகப் போடாதீர்கள். அது பாடம் படிக்கும். கடையம் பக்கத்து மலையடிவாரத்தில் இருப்பவர்கள் இரவில் நாயை வெளியே சங்கிலியில் கட்டக்கூடாது. சிறுத்தைக்கு அது கட்டிவைத்த இரை.

பாம்பும் உங்கள் கையும்

இதில் கோழியைவிட முக்கியம் உங்கள் கை. இருட்டிலோ விடியற்காலையிலோ முட்டைக்கூட்டில் பார்க்காமல் கை விடக்கூடாது. டார்ச் அடித்து, குச்சியால் வைக்கோலைக் கிளறிவிட்டுப் பிறகுதான் கை. முட்டைக்கூட்டை இடுப்பு உயரத்தில் வையுங்கள். காலில் செருப்பில்லாமல் கூட்டைச் சுற்றி நடக்காதீர்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கட்டுப்போட்டு இறுக்குவது எதுவும் வேண்டாம். கையை அசைக்காமல் 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

பாம்பை விரட்டச் சிறியாநங்கை நடுவதும், நாப்தலீன் உருண்டை போடுவதும், பூண்டுத் தண்ணீர் தெளிப்பதும் பலர் சொல்லும் வைத்தியம். சிறியாநங்கைச் செடிக்கு அடியிலேயே சுருண்டு கிடந்த சாரையை நான் பார்த்தேன். நாப்தலீனைக் கோழி கொத்தினால் கோழிக்குத்தான் விஷம். எலியும் ஓட்டையும் இல்லாவிட்டால் பாம்புக்கு அங்கே வேலை இல்லை. உள்ளே வந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள். முட்டை விழுங்கிய பாம்பு வயிறு புடைத்து வலையில் மாட்டிக்கொள்வது உண்டு. மாட்டிக்கொண்டது சாரைதான் என்று நினைத்துக் கிட்டே போகாதீர்கள்.

செய்யக்கூடாதவை

கறியில் குருணை மருந்து கலந்து வைப்பது, சுருக்குக் கண்ணி, மின்கம்பியிலிருந்து நேராக இழுத்த மின்வேலி. மூன்றும் குற்றம், மூன்றும் முட்டாள்தனம். மருந்து வைத்த கறியைக் கீரிக்கு முன்னால் உங்கள் நாய் தின்னும், பக்கத்து வீட்டுப் பூனை தின்னும், அந்தப் பிணத்தைக் காக்கை தின்று கிணற்றில் விழும். நேர் மின்சாரம் விட்ட வேலியில் சாவது பெரும்பாலும் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர். முறையான மின்வேலிக்குத் தமிழ்நாட்டில் 2023இல் தனி விதிகளே வந்துவிட்டன. காட்டோரத்தில் இருப்பவர்கள் வனத்துறையைக் கேட்காமல் தொடவேண்டாம்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் கீழ் கீரி, மரநாய், காட்டுப்பூனை, உடும்பு, பாம்பு, பருந்து எல்லாமே காக்கப்பட்டவை. உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் 3 முதல் 7 வருடம் சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். காக்கையும் எலியும் ஒரு காலத்தில் தீங்குயிர் அட்டவணையில் இருந்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த அட்டவணையே நீக்கப்பட்டது.

சட்டத்தை விடுங்கள், கணக்குக்கும் கட்டாது. ஒரு கீரியைக் கொன்றால் அதன் எல்லை காலியாகி, சில வாரத்தில் இன்னொன்று வந்து சேரும். வராவிட்டால் அது தின்றுவந்த எலியும் பாம்பும் பெருகும். எங்கள் தோட்டத்து வரப்பில் ஒரு கீரிக் குடும்பம் பல வருடமாக இருக்கிறது. குஞ்சு வெளியே திரியும் மாதங்களில் நான் அதற்கு எதிரி, மற்ற மாதங்களில் அதுதான் என் எலிப்பொறி.

இரண்டு கால் விலங்கு

இறகு இல்லை, இரத்தம் இல்லை, கொக்கி ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருக்கிறது, போனது எல்லாம் கொழுத்த சேவல். இது எந்த விலங்கென்று எழுதத் தேவையில்லை. பங்குனி, சித்திரையில் ஊருக்கு ஊர் கோயில் கொடை வரும்போது சேவலுக்குக் கிராக்கி ஏறும், அப்போது பூட்டும் வேண்டும். கினிக்கோழி இரண்டு வளர்த்தால் அந்நியர் வந்தால் ஊரையே கூட்டிவிடும். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாங்குங்கள், அதன் சத்தத்துக்கு அவர் உங்களையே திட்டலாம்.

எண்ணிக்கை

கடைசியாக ஒரு பழக்கம், செலவே இல்லாதது. கூட்டுக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் இன்றைய எண்ணிக்கையை எழுதுங்கள். தினமும் கதவடைக்கும்போது எண்ணுங்கள். குறைந்த அன்றே தேடினால் தடயம் கிடைக்கும், நான்கு நாள் கழித்து “என்னமோ குறையுற மாதிரி இருக்கே” என்றால் ஒன்றும் கிடைக்காது.

ஒரு பெட்டை குறைந்தால் மட்டும் உடனே கீரியைத் திட்டாதீர்கள். அது நாலைந்து நாளாகக் கேறியபடி ஒரே புதர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். மதியம் ஒரு கால்மணி மட்டும் தலைகாட்டி, அவசர அவசரமாகத் தின்றுவிட்டு ஓடுகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் அது எங்கோ ரகசியமாக அடை உட்கார்ந்திருக்கிறது. இடம் தெரிந்தால் இரவில் முட்டையோடு சேர்த்துக் கூட்டுக்கு மாற்றுங்கள். தெரியாவிட்டால் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் தேதியைக் குறித்து வையுங்கள். 21 நாள் கழித்து அது தன் கணக்கோடு வரும்.